சீசன்ல மெஷினைப் பிரிக்க மாட்டோம்

அண்ணே, கோவிச்சுக்காம நீங்க சன்னலோரமாத் தள்ளி உக்காருங்களேன். எனக்கு இந்த நடைப்பக்க சீட்டு வேணும். இடது காலை மடக்க முடியாது, நீட்டித்தான் வைக்கணும். கண்டக்டர் வந்தா சத்தம் போடுவாரு, போட்டுட்டுப் போறாரு. நல்லாருப்பீங்க. எது வரைக்கும் போறீங்க? தொண்டியா? நாங்க காளையார்கோவில்ல எறங்கிருவோம். நாங்கன்னா, அந்தா முன்னாடி பொம்பளைங்க சீட்டுல பச்சைச் சேலை கட்டிக்கிட்டு, கம்பியைப் புடிச்சபடி உக்காந்திருக்கால்ல, அதுதான் நம்ம வீட்டுல. பஞ்சவர்ணம்.

சத்தமாப் பேசுறேனா? அது பழக்கம்ணே. காளையார்கோவில்ல சோணைமுத்து மாவு மில்லுன்னா யாரும் காட்டுவாங்க. காலம் பூரா மெஷினுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, நைசா அரைக்கணுமா கொரகொரப்பா அரைக்கணுமான்னு கத்திக் கத்தி, தொண்டை இப்படி ஆயிருச்சு. ரகசியம்னு ஒண்ணு நான் பேசுனதே இல்ல. வீட்டுல புருஷன் பொண்டாட்டி பேசுற பேச்சும் தெருக்கோடி வரைக்கும் கேக்கும்.

உங்களுக்கு முட்டியா? காலுல பட்டை மாட்டியிருக்கீங்களே, அதான் கேட்டேன். எனக்கு இடுப்பு. இடுப்புன்னா முதுகுக்குக் கீழ இல்லண்ணே, தொடை வந்து உடம்புல மாட்டுற எடம். அங்க ஒரு கிண்ணமும் அதுக்குள்ள ஒரு பந்தும் இருக்காம். அந்தப் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்னு எலும்பு செத்துப்போச்சாம். மதுரையில டாக்டரம்மா படத்தை வெளிச்சத்துல வச்சுக் காட்டுனாங்க. உருண்டையா இருக்கவேண்டியது எலி கடிச்ச கொப்பரை மாதிரி இருக்கு. நான் சொன்னேன், 'ஏம்மா, பேரிங் போயிருச்சுன்னு சொல்லுங்க, எனக்குப் புரிஞ்சிரும்'னு. அந்தம்மா சிரிச்சாங்க. அது மொதத் தடவை போனப்ப. இன்னைக்குச் சிரிக்கல.

நான் பழனிக்கு நடக்குற ஆளுண்ணே. தைப்பூசத்துக்கு எங்க ஊருல இருந்து நடந்து போற கூட்டத்துக்கு நான்தான் குருசாமி. திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம்னு போவோம். நீங்க என் மில்லுக்குள்ள வந்து நின்னு பாத்திருந்தாத்தான் நான் சொல்றது புரியும். சன்னல் இருக்கும், வெளிச்சம் வராது, மாவு அடைச்சிருக்கும். மூக்குல மாவு, புருவத்துல மாவு. வருஷம் பூரா அந்தப் பொந்துக்குள்ள கிடந்துட்டு, சிங்கம்புணரி தாண்டி வெள்ளென, பனி விழுந்த ரோட்டுல வெறுங்காலோட நடந்தோம்னு வைங்க, நெஞ்சு தொறந்துக்கிரும். ரெண்டு பக்கமும் புளியமரம். முன்னால யாரும் இல்ல. சாமிக்காகப் போறேன்னுதான் ஊருல சொல்லிக்குவேன். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நான் நடக்குறதுக்காகத்தான் போறேன். முருகனுக்கும் அது தெரியும். நடையை எங்கிட்ட இருந்து எடுத்துட்டா நான் மில்லுல கிடக்குற ஒரு சாக்குதான்.

முன்னால யாரும் இல்லைன்னு சொன்னேன்ல. அதுக்குக் காரணம் வேல். ஆளுயர வேல், எங்க கூட்டத்து வேல். அதைத் தூக்குறவன்தான் மொத ஆளு, அவனுக்கு முன்னால ஒரு குஞ்சு நடக்கக்கூடாது. வேலைத் தரையில ஊனக்கூடாது, வண்டியில ஏத்தக்கூடாது. எங்க வழக்கம் என்னன்னா, வேல் தூக்குறவன் ஒரு வருஷம் நடக்கலைன்னா அது அடுத்தவன் கைக்குப் போயிரும். போனா போனதுதான். அவனா மனசு வச்சுக் குடுத்தாத்தான் திரும்பி வரும். எவன் குடுப்பான்? நான் வாங்குனப்புறம் குடுத்தேனா?

நான் மொத ஆளுன்னா பஞ்சவர்ணம் கடைசி ஆளு. யாரும் பின்தங்கிறாமப் பாத்துக்கிட்டு வர்றது அவ பொறுப்பு. தங்குற எடத்துல சமையல். அது ஒண்ணும் பெரிய வேலையில்ல, மத்த பொம்பளைங்களும் காய் நறுக்கிக் குடுப்பாங்க. நாங்கள்லாம் காலை நீட்டிப் படுத்துருவோம், இவ அண்டாவை எறக்கிக்கிட்டிருப்பா. கல்லு மாதிரி உடம்புண்ணே அவளுக்கு.

நடந்தா வலி வராம இருக்குமா. அதுக்குத்தான் செட்டு மாத்திரை. எங்க ஊரு மெடிக்கல்ல காசிலிங்கம்னு ஒருத்தர், டாக்டர் சீட்டெல்லாம் கேக்க மாட்டாரு, 'நடைக்கா?'ன்னு மட்டும் கேப்பாரு. பேப்பரைக் கிழிச்சு மடிச்சுக் குடுப்பாரு. வெள்ளையில ஒண்ணு, மஞ்சள்ல ஒண்ணு, அப்புறம் பொடிசா ஒண்ணு. அந்தப் பொடிசுலதான் சூட்சுமமே இருக்கு. போட்ட கொஞ்ச நேரத்துல காலு யாரோ இரவல் குடுத்த கால் மாதிரி ஓடும். கூட்டம் கெளம்புறப்ப எல்லாரும் வரிசையா வந்து எங்கிட்ட நிப்பாங்க. நெத்தியில துன்னூறு பூசிவிட்டு, கையில மாத்திரையை வைப்பேன். பொம்பளைங்க அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டு முழுங்குவாங்க, முருகனே குடுத்ததுன்னு. நடை முடிஞ்சு ஊருக்கு வந்தாலும் அதை விட முடியுறதில்ல. விட்டா மறுபடி வலி வந்துருதே. மில்லுல நிக்கணும்ல. நானும் சாப்பிடுறேன், பஞ்சவர்ணமும் சாப்பிடுறா.

டாக்டரம்மா மொதத் தடவையே கேட்டாங்க, என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு. பேப்பரைப் பிரிச்சுக் காட்டுனேன். அந்தப் பொடிசைத் தனியா எடுத்து வச்சு, 'இதாலதான்யா உங்க எலும்பு செத்துச்சு'ன்னாங்க. 'வலி போற மாதிரி இருக்கும், உள்ள எலும்பைத் தின்னுரும். சர்க்கரை ஏறும், மூஞ்சி உப்பும். கூட இருக்குற வெள்ளை மாத்திரை கிட்னியைக் கெடுக்கும். ஒரேடியாவும் விடக்கூடாது, நான் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமாக் கொறைச்சு நிறுத்துங்க'ன்னாங்க. ஒரேடியா விடக்கூடாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க பாருங்க, அதனால நான் விடலை. அப்புறம் நீங்களே சொல்லுங்கண்ணே, மாத்திரையால வலி வந்துச்சா, வலியால மாத்திரை வந்துச்சா? வலிதானே மொத வந்துச்சு. படிச்சவங்களுக்கு இது ஏன் தெரிய மாட்டேங்குது.

ஆபரேஷனுக்கு இதுதான் நல்ல நேரம்னாங்க. அது ஒரு ஆடி மாசம். காப்பீட்டு அட்டை இருக்கு, காசு ஒரு பேச்சே இல்ல. செத்த பந்தை எடுத்துட்டு வேற வைப்பாங்களாம். கொஞ்ச மாசம் கம்பு வச்சு நடந்துட்டு அப்புறம் கம்பு இல்லாமயே நடக்கலாமாம். பழனிக்குன்னு கேட்டேன். 'வர்ற தை வேணாம், அதுக்கு அடுத்த தைக்கு மெதுவா பாதி தூரம் நடந்து பாக்கலாம்'னாங்க. அப்படியேதான் சொன்னாங்க. சம்மணம் போடாதீங்க, குத்தவைக்காதீங்க, மத்தபடி வெளிய வாசல்ல போங்க வாங்க, நடக்குறது நல்லதுதான்னாங்க.

வர்ற தை வேணாம்னா வேல் போயிரும். அதை அந்தம்மாகிட்டச் சொல்ல முடியுமா? நான் சொன்னேன், 'அம்மா, எங்க தொழில்ல ஒரு முறை இருக்கு. பேரிங் கத்துனா கிரீஸை அப்பி ஓட்டுவோம். சீசன்ல மெஷினைப் பிரிக்க மாட்டோம். தை முடியட்டும், வாரேன்'னு கும்பிட்டு வந்துட்டேன். பஞ்சவர்ணம் அன்னைக்கு இதே பஸ்ஸுலதான் சொன்னா, 'வேல் போனாப் போகுதுங்க, காலு இருக்கட்டும்'னு. 'ஒனக்கு என்னடி தெரியும், பின்னால வர்றவளுக்கு'ன்னேன். அதுக்கப்புறம் அவ அந்தப் பேச்சை எடுக்கவே இல்ல.

தை முடிஞ்சுச்சு. மாசி பங்குனி மொளகாய் சீசன், ஊரே பொடி அரைக்க வரும், மில்லை எப்படிப் பூட்டுறது? சித்திரையில திருவிழா. ஆடியில அம்மனுக்குக் கூழு ஊத்தக் கேப்பை அரைக்க வருவாங்க. அப்புறம் தீபாவளிப் பலகாரத்துக்கு மாவு. அது முடிஞ்சா மாலை போடுற மாசம் வந்துரும். மறு வருஷமும் அப்படித்தான். அதுக்கு மறு வருஷமும் அப்படித்தான். சீசன் இல்லாத மாசம்னு ஒண்ணு எங்கண்ணே இருக்கு?

உடையப்பன்னு ஒருத்தன். பஸ் ஸ்டாண்டுல பழக்கடை வச்சிருக்கான், எங்க கூட்டத்துல வேலுக்கு அடுத்தாப்புல நடக்குறவன். அவனுக்கும் அதே இடுப்பு வந்துச்சு. நான் போன அதே டாக்டரம்மாகிட்டப் போனான். அவங்க சொன்ன சொல்லைத் தட்டாம மாத்திரையை நிறுத்தினான், கூப்பிட்ட தேதிக்குப் போய்ப் படுத்துக்கிட்டான். அந்தத் தைக்கு அவன் வரலை. 'உடையப்பன் இப்பப் பழைய இரும்பாயிட்டான், பேரீச்சம்பழத்துக்குப் போட்டா ஒரு கூடை தேறும்'னு நான் சொல்லி, கூட்டமே சிரிச்சுச்சு. போன தைக்கு வந்தான். கொஞ்ச தூரம் சாமான் ஏத்துற லாரி, கொஞ்ச தூரம் நடை. அன்னதானத்துல எல்லாரும் தரையில இலை போட்டு உக்காந்தா அவன் மட்டும் பிளாஸ்டிக் சேரு. எனக்குத் தரையில உக்காரவும் முடியலை, சேரு கேக்கவும் வாய் வரலை. நின்னுக்கிட்டே சாப்பிட்டேன். குருசாமி நின்னுக்கிட்டுச் சாப்பிடுறது ஒரு விரதம்னு சொல்லிவச்சேன். ரெண்டு பயலுக அதை நம்பி அவங்களும் நின்னாங்க.

நத்தம் தாண்டி ஒரு ஏத்தம் வரும். மாத்திரை அன்னைக்குக் கேக்கலை. ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டும் கேக்கலை. வேலைத்தான் ஊனி ஊனி ஏறுனேன். ஊனக்கூடாதுன்னு சொன்னேன்ல, ஊனுனேன். யாரும் பாக்கலைன்னு நினைச்சேன். பின்னால இருந்து உடையப்பன் மெதுவா வந்து, 'அண்ணே, இந்தக் கம்பை ஊனிக்குங்க. ஏத்தம் முடியுற வரைக்கும் வேலை நான் வச்சுக்கிறேன், யாருக்கும் தெரியாது'ன்னான். எப்படிக் காய் நகத்துறான் பாத்தீங்களா? 'போடா, கடைக்காரப் பயலே'ன்னுட்டேன். அவன் போகலை. ஏத்தம் முடியுற வரைக்கும் எனக்குப் பின்னாலயே, நான் விழுந்தாப் புடிக்கிற தூரத்துலயே வந்தான். வேலைப் புடிக்கத்தான் வந்திருப்பான்.

இந்தக் கார்த்திகையில கூட்டத்து ஆளுங்க மில்லுக்கு வந்தாங்க. சாக்கு மேல வரிசையா உக்காந்தாங்க. உடையப்பன்தான் பேசுனான். 'அண்ணே, மதுரைக்குப் போய்க் காட்டிட்டு வாங்க. நடக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டா மார்கழி ஒண்ணாந்தேதி நீங்களே எங்களுக்கு மாலை போட்டு விடுங்க. இல்லைன்னா வேலைக் கூட்டத்துக்கிட்டக் குடுத்துட்டு மொத ஒடம்பைப் பாருங்க'ன்னான். 'அப்புறம் மாத்திரை இனிமே வேணாம்ணே, கூட்டத்துல இடுப்பைப் புடிச்சுக்கிட்டு நடக்குறவங்க கூடிட்டாங்க'ன்னான். ஏன் கூட மாட்டாங்க? விரதம் ஒழுங்கா இருக்குறதில்ல, பாதிப் பேரு செருப்பு மாட்டிக்கிட்டு நடக்குறான். இடுப்பு வலிக்காம என்ன செய்யும்?

அதுக்குத்தான் இன்னைக்குப் போனது. நானும் ஒரு முடிவோடதான் போனேண்ணே. சரி, பிரிச்சிருவோம், வேல் போனாலும் போகுது, நடை மிஞ்சுமேன்னு. உடையப்பன் காலையில ஊருணியைச் சுத்தி நடந்து வர்றதை மில்லு வாசல்ல நின்னு பாத்திருக்கேன். கையை வீசிக்கிட்டு, எதிர்ல வர்றவங்ககிட்டப் பேசிக்கிட்டு, காலைப் பத்தின நெனப்பே இல்லாமப் போவான். வயிறு எரியும். அந்த மாதிரி ஊருணியைச் சுத்தி நடந்தாக்கூடப் போதும்னு ஆயிருச்சு எனக்கு. ஆபரேஷனைப் பண்ணிருங்கம்மான்னு சொல்லத்தான் போனேன். போய் அப்படியே சொன்னேன்.

ரத்தம் எடுத்தாங்க, படம் எடுத்தாங்க. டாக்டரம்மா அந்தத் தாளைப் பாத்துச் சொன்னாங்க. கிட்னி போச்சாம். ரத்தத்துல உப்பு ஏறிப்போச்சாம். நான் கொழம்புக்கே உப்பைக் கொறைச்சுட்டேம்மான்னேன். அது அந்த உப்பு இல்லையாம். இருதயமும் லேசா வீங்கியிருக்காம். மயக்க மருந்து குடுக்குற டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுனாங்க, அவரும் தலையை ஆட்டிட்டாரு. 'இப்ப மேசையில படுக்க வச்சா நீங்க எந்திரிப்பீங்கன்னு எங்களால சொல்ல முடியாதுய்யா'ன்னாங்க. அப்ப எப்பன்னு கேட்டேன். கிட்னி டாக்டரைப் பாருங்க, இனி எந்த மருந்தா இருந்தாலும் எங்களைக் கேக்காமத் தொடாதீங்க, வீட்டுக்குள்ள நடமாட வாக்கர் வாங்கிக்குங்கன்னாங்க. 'அன்னைக்கு நல்ல நேரம்னீங்களேம்மா'ன்னேன். 'அது அன்னைக்குய்யா'ன்னாங்க.

அத்தோட விட்டிருக்கலாம். பக்கத்துல நின்ன பஞ்சவர்ணத்து மூஞ்சியையே பாத்தாங்க. ஒரு விஷயம் சொல்லணும், இவ கல்யாணமாகி வந்தப்ப வத்தல் மாதிரி இருப்பா, கன்னமெல்லாம் ஒட்டி. இந்தக் கொஞ்ச வருஷமாத்தான் மூஞ்சி உருண்டு, பூசுனாப்புல ஆயிருக்கு. மில்லுக்கு வர்ற பொம்பளைங்க, 'மில்லுக்காரக்கா, அப்படி என்னத்தச் சாப்பிடுறீங்க?'ன்னு கேப்பாங்க. எனக்குப் பெருமையா இருக்கும். டாக்டரம்மா கேக்குறாங்க, 'ஏம்மா, நீங்களும் அந்த மாத்திரை சாப்பிடுறீங்களா?'ன்னு. இவ என்னைப் பாத்தா. பாத்துட்டு, இல்லம்மான்னா. கொஞ்சம் நடந்து காட்டுங்கன்னாங்க, நடந்தா. இடுப்பு வலிக்குதான்னாங்க, இல்லம்மான்னா. 'இன்னைக்கே ஒரு படம் எடுத்துருவோம். இப்பப் பாத்தா உங்களுக்காவது சரி பண்ணிரலாம்'னாங்க. நான்தான் குறுக்க விழுந்து, 'ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு'ன்னு கூட்டியாந்துட்டேன். எங்கயும் என்னை விட்டுக்குடுத்துப் பேச மாட்டா. அதுல பஞ்சவர்ணத்தை அடிச்சுக்க ஆளே இல்ல.

வெளிய வந்து ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து அழுதேண்ணே. சத்தமாத்தான் அழுதேன், எனக்கு வேற மாதிரி வராது. டீக்கடைக்காரன் அடுப்பை விட்டுட்டு வந்து எட்டிப் பாத்தான். இனிமே மில்லு, வீடு, மில்லு. கொஞ்ச நாள் போனா வீடு மட்டும். சாவுக்கு நான் பயப்படலை. உள்ளேயே கிடந்து அது வர்றதைப் பாத்துக்கிட்டிருக்கணுமே, அதுக்குத்தான் பயப்படுறேன். பஞ்சவர்ணம் முந்தானையால மூஞ்சியத் தொடச்சுவிட்டு, 'வாங்க, பஸ் போயிரும்'னா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் புடிச்சு எந்திரிக்கவே ரொம்ப நேரமாச்சு.

அப்புறம் வர்ற வழியில யோசிச்சுட்டேன். தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன. ஊருல போய், ஆபரேஷன் வேணாம்னு டாக்டரே சொல்லிட்டாங்கன்னு சொல்லப் போறேன். சொன்னாங்கல்ல? அதுல பொய் எங்க இருக்கு? மார்கழி ஒண்ணு மாலை. தைக்கு வேலோட கெளம்புறேன். பழனி வரைக்கும் போவேனான்னு கேக்காதீங்க. சிங்கம்புணரி தாண்டி அந்தப் புளியமரம் வரைக்கும் போனாப் போதும். அங்க விழுந்தா அங்கயே கிடக்குறேன். பஞ்சவர்ணம் கடைசி ஆளாத்தானே வருவா, வந்து பாத்துக்குவா.

அந்தா கோபுரம் தெரியுது, ஊரு வந்துருச்சு. கொஞ்சம் இருங்க, சட்டைப் பையில பேப்பர் இருக்கு. இப்பவே போட்டாத்தான் படியில எறங்க முடியும். நீங்க ஒண்ணு போடுறீங்களா? முட்டிக்கும் கேக்கும். வேணாமா? சரி. ஏய் பஞ்சவர்ணம், எந்திரிச்சு வா, எறங்கணும். என்ன, எந்திரிக்க இவ்வளவு நேரம் பண்றா. பக்கத்துப் பொண்ணு கை குடுக்குது, பாருங்க. பஸ்ஸுல ஒரே மாதிரி உக்காந்து வந்ததுல காலு மரத்திருக்கும், வேற ஒண்ணுமில்ல. வா, கம்பியைப் புடிச்சு வா. கையை நீட்டிட்டா, பாத்தீங்களா, வாய் தொறந்து கேக்கவே மாட்டா. பொடிசுல ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அதுக்கென்ன, பாதியாப் பிச்சுக்குவோம். பெரிய பாதி எப்பவும் அவளுக்குத்தாண்ணே.